காணியைத் தரகரிடம் கொடுப்பவரின் கடமைகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணி விற்பவர்கள், தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். தரகர் மோசம் செய்தார் என்ற கதைகளையே நாம் அதிகம் கேட்கிறோம். விற்பவருக்கும் கடமைகள் உண்டு.

கையிலுள்ள பத்திரம் எத்தகையது என்பதை அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். வன்னியில் இதுதான் பெரிய விடயம். இரணைமடு, பாவற்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வழங்கியவை. பெர்மிட்டோ அளிப்புப் பத்திரமோ இருக்கும். தனியார் உறுதி இராது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அவற்றைக் கைமாற்றினால் செல்லாது. இதைச் சொல்லாமல் விட்டால் தரகர் 'உறுதிக் காணி' என்று ஆள் கூட்டி வருவார். முற்பணம் கைமாறிய பின்பு சட்டத்தரணி உண்மையைக் கண்டுபிடிப்பார். அப்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் விற்பவர்தான்.

காணி இன்னும் வாப்பாவின் பெயரில் இருந்தால் சகோதரிமாரின் பங்கையும் சொல்ல வேண்டும். ஈடு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது உறுதியைத் தொலைத்தவர்கள், காணிப் பதிவகத்தில் விசாரித்த பிறகே விலை பேசுவது நல்லது.

அடுத்தது தரகுக் காசு. தரகர் காட்டிய ஆளிடமே பின்கதவால் பேசி முடித்து, "நீங்கள் தந்த ஆள் வாங்கவில்லை" என்று சொல்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. உழைத்தவரின் கூலியை விழுங்குவதற்கு இதைவிட வேறு பெயர் உண்டா?

ஆனால் காசு எப்போது சேரும் என்பதைப் பேசியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் சினிமாக் கொட்டகைகளை விற்க ஆள் பிடித்துக் கொடுத்த ஒரு தரகர் 10,000 பவுண் கேட்டு வழக்காடினார். விற்பனை நிறைவேறினால் தருவதாகவே பேச்சு. உரிமையாளர்கள் அவர் காட்டிய ஆளுக்கு விற்கவில்லை. பிரபுக்கள் சபை, காசு சேராது என்று தீர்த்தது. அமெரிக்காவிலோ, தனியுரிமை ஒப்பந்தம் எழுதினால் உரிமையாளர் தானே ஆள் பிடித்தாலும் தரகு கொடுக்க வேண்டும். எழுதப்பட்ட வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: காணியின் விபரம், கேட்கும் விலை, தரகு எவ்வளவு, எந்த நாளில் கொடுப்பது, எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு, வேறு தரகரிடமும் கொடுக்கலாமா. இரு தரப்பும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். இந்தத் தாளைக் கொண்டு தரகர் காணியை எழுதிக் கொடுக்க முடியாது. காணி விற்பனை 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். புத்தளத்திலோ வெளிநாட்டிலோ இருப்பவர் தமக்காக ஒருவர் ஒப்பமிட வேண்டுமானால் அட்டோர்னித் தத்துவம் தனியாக எழுத வேண்டும். அதைத் தரகரின் பெயரிலேயே எழுதுவதை நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.