உடம்பும் ஒரு முதல்தான்



நாம் 42 ஆண்டுகளாக மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, பயறு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பள்ளி இறுதி வகுப்பு வரைதான் படிப்பு. ஆகவே மருத்துவம் சொல்ல வரவில்லை. வரவு செலவுக் கணக்கு நமக்குத் தெரியும். உடல் எடையும் அந்தக் கணக்குதான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம், நமக்கு அடுத்த கடை அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வயது 51. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறக்க வந்தவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன். யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது பாதி பேரேட்டில் இருந்தது. மீதி அண்ணாச்சியின் தலைக்குள் இருந்து அவரோடு போய்விட்டது. ஆறு மாதத்தில் கடை கைமாறியது. கடையை நடத்துகிறவன் உடம்புதான் கடையின் முதல் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

அந்த வாரமே நம் கடைத் தராசில் நாமே ஏறி நின்றோம். 92 கிலோ! மூட்டையின் நிகர எடையைக் கிராம் சுத்தமாகப் பார்க்கிற நாம், நம் எடையைப் பத்து ஆண்டுகளாகப் பார்க்கவில்லை.

முதலில் இருப்பு எடுங்கள்

ஓர் இஞ்ச் டேப் போதும். தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல் சுற்றி அளக்கவும். நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. நமக்கு அன்று 108 இருந்தது. இதோடு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

உட்கார்ந்தவனுக்குப் பசி அளவறியாது

கல்கத்தா அருகே ஒரு சணல் ஆலைத் தொழிலாளரையும், அங்கே கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர்களையும் சேர்த்து 213 பேரை ஆராய்ந்து, ஜீன் மேயர் என்பவரும் அவர் குழுவினரும் 1956ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமை தூக்குவோர் உழைப்புக்கு ஏற்ப அதிகம் சாப்பிட்டார்கள். அதில் வியப்பில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களோ, லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாக, கிட்டத்தட்டச் சுமைதூக்குவோர் அளவுக்கே சாப்பிட்டார்கள். எடையும் உட்கார்ந்தவர்களுக்கே கூடுதல். நம்மைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறதல்லவா?

இன்னொன்று, லண்டன் மாடி பஸ்களைப் பற்றியது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பஸ் ஒன்றே, வேலை நேரமும் ஒன்றே. நம் கடையில் டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மூட்டை எடுக்கிற பையன் கண்டக்டர். கல்லாவில் இருக்கிற நாம் டிரைவர்.

சில்லறைக் கசிவு

வியாபாரத்தில் பெரிய நஷ்டத்தைவிடச் சில்லறைக் கசிவே ஆளைக் கவிழ்க்கும். நாம் ஒரு வாரம் வாயில் போட்டதை எல்லாம் சிட்டையில் எழுதினோம். மூன்று இடத்தில் கசிவு தெரிந்தது.

ஒன்று, டீ. வருகிற வியாபாரிக்கெல்லாம் டீ வாங்கித் தந்து நாமும் குடிப்பது வழக்கம். நாளுக்கு 7 டீ. ஒன்றுக்கு 10 கிராம் சீனி என்றால் 70 கிராம். மாதம் 2 கிலோவுக்கு மேல்! கலோரிக் கணக்கில் நாளுக்கு 280. உலக சுகாதார நிறுவனமோ சேர்க்கும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. இன்று நாம் சீனியில்லாமல் 3 டீயோடு நிறுத்திக்கொள்கிறோம். பத்து நாள் கசந்தது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு, சாம்பிள். பொட்டுக்கடலை ஒரு கை, முந்திரி நாலு, வெல்லத்தில் ஒரு துண்டு. 50 கிராம் முந்திரியே ஏறக்குறைய 290 கலோரி. சரக்கின் தரம் பார்க்க ஒரு பருப்பு போதும்.

மூன்று, எண்ணெய். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம். 3 லிட்டராக்கினால் 23 கிராம். இதிலேயே ஆளுக்கு 135 கலோரி மிச்சம். இதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. மாதச் சாமானில் எண்ணெயை அளந்து கொடுத்து, அதற்குள் ஓட்ட வேண்டும்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. காகிதக் கணக்குப்படி நாளுக்கு 250 மிச்சம் பிடித்தால் மாதம் ஒரு கிலோ குறையும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைவதால், போகப் போக வேகம் மட்டுப்படும். அதற்காக மனம் சோரக் கூடாது.

நம் கடைச் சரக்கே மருந்து

மாலை நாலரை மணிக்கு வடைக்குப் பதில் சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. மதியம் சோற்றைப் பாதியாக்கி, காயையும் பருப்பையும் கூட்டவும். கேழ்வரகு, கம்பு நல்லவைதான். ஆனால் எடைக்கு எடை அவற்றின் கலோரி அரிசியை ஒட்டியதே. ஆகவே கூழும் களியும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது தவறு. கடையடைத்து இரவு பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிடும் வழக்கத்தை விட்டு, எட்டு மணிக்குக் கடையிலேயே டிபன் கேரியரில் முடித்துக்கொள்கிறோம்.

ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் என்று வரும் பொடிகளை நாம் சாப்பிடவும் வேண்டாம். நம் கடையில் விற்கவும் வேண்டாம்.

நடை

வாரத்துக்கு 150 நிமிட வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாளுக்கு அரை மணி, ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே வேகம். நாம் முதல் நாளே வீம்பாக ஐந்து கிலோமீட்டர் நடந்து, முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தோம். நீங்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

அரை மணி நடை ஏறக்குறைய ஒரு வடைக்குத்தான் ஈடு. நடந்துவிட்டு இரண்டு வடை தின்றால் கணக்கு நஷ்டம்தான். ஆனால் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். போன் பேசும்போது எழுந்து நிற்கலாம். வாடிக்கையாளருக்கு நாமே சரக்கு எடுத்துக் கொடுக்கலாம். வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், இரண்டு கிலோ பருப்புப் பொட்டலத்தைத் தூக்கி இறக்குவதும் தசைக்கு நல்லது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். உணவைக் குறைத்து மாத்திரையைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நடக்கையில் மார்பு அழுத்தினால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடை அடைத்தபின் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

நம் ஐந்தொகை

14 மாதத்தில் 92லிருந்து 79 கிலோ. நடுவில் தீபாவளி சீசனில் நாலு கிலோ ஏறி, மறுபடி இறங்கியது. இடுப்பு 96. மருத்துவர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார். இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் பெரிய இலக்கு வேண்டியதில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் பலன் தெரியும்.

ஞாயிறு காலை எடை பார்த்துப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில், யாரிடம் என்ன பாக்கி என்று மகனுக்கோ மனைவிக்கோ புரியும்படி எழுதி வையுங்கள். இரண்டுமே குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

வருகிற மே 5 வணிகர் தினக் கூட்டத்துக்கு, இந்த ஆண்டு தைத்த சட்டை தளர்ந்து வாருங்கள்!

வணிகம் வளர்க! வணிகர் நலம் பெறுக!