கெய்ரோ தெருவும் சென்னைத் தெருவும்

கே: எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸைப் போல ஒரு நகரத்தையே எழுதிக் காட்டியவர் தமிழில் உண்டா?
– வாசகி, சேலையூர்

ப: உண்டு, அசோகமித்திரன்.

மஹ்ஃபூஸ் (1911–2006) அரசு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய கெய்ரோ நாவல்கள் மூன்றுக்கும் அந்த ஊரின் நிஜத் தெருப் பெயர்களே தலைப்பு. முதல் உலகப்போர்க் காலம் தொடங்கி 1944 வரை ஒரு வியாபாரியின் குடும்பக் கதை: வீட்டுக்குள் அப்பாவின் அதட்டல், வெளியே ஆங்கிலேயரின் அதிகாரம். 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அரபு மொழிக்கு அதுதான் முதல்.

செகந்திராபாத்தில் பிறந்து சென்னைக்கு வந்த அசோகமித்திரன் (1931–2017) 'தண்ணீர்' நாவலில் ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டார். குழாயில் காற்றுதான் வருகிறது. ஜமுனா குடத்தோடு அலைகிறாள். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய உங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மஹ்ஃபூஸ் மூன்று தலைமுறைகளை விரித்துப் போட்டார். இவர் ஒரு பஞ்சத்துக்குள் ஊரின் குணத்தையே காட்டிவிட்டார், அதுவும் குரலை உயர்த்தாமல்.

முதலில் 'தண்ணீர்' படியுங்கள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கெய்ரோவுக்குப் பிறகு நிதானமாகப் போகலாம்.