அடைபட்ட காற்று

நாக்பூரிலோ ஐதராபாத்திலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சிறு மகிழ்ச்சி கிட்டும். முன்னே செல்லும் லாரியின் எண் பலகையில் 'டிஎன் 28' என்றிருந்தால் அது நாமக்கல்லில் பதிவான வண்டி. 'டிஎன் 52' என்றிருந்தால் சங்ககிரி. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் அச்சாலை நாமக்கல் வழியாகவே செல்கிறது. லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

ஊர் லாரியைக் கண்டு கையசைப்பது இயல்பே. ஆயினும், தந்தையின் இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து, அந்த லாரியின் சக்கரங்களை ஒட்டியே நெடுந்தொலைவு செல்வது தகாது. அதற்குக் காரணம் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று.

சென்னைத் திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியதே எம்.ஆர்.எஃப். நிறுவனம். பின்னாளில் அது நாட்டின் பெரிய டயர் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. பலூனும் டயரும் உண்மையில் உறவினர்தாம். இரண்டும் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் உறைகள். வேறுபாடு அழுத்தத்தில் உள்ளது. காரின் டயரில் ஒரு சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு அழுத்தம் இருக்கும். லாரி டயரிலோ அது 100 பவுண்டையும் தாண்டும். இதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். எனவே அவ்வளவு பரப்பின்மீது 14,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,500 கிலோ எடைக்கு நிகரான விசை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பொதுவாக, நன்கு வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடையைவிட இது மிகுதி. அவ்விசையை ரப்பரும் அதனுள் பதித்த எஃகுக் கம்பிகளும் இரவும் பகலும் தாங்கி நிற்கின்றன.

டயர் ஏன் வெடிக்கிறது? வெயிலில் காற்று விரிந்து, அழுத்தம் கூடி வெடிக்கிறது என்பர் பலர். கோடையில் ஓடும் டயரில் அழுத்தம் சற்றுக் கூடுவது உண்மையே. எனினும் அதைத் தாங்கும்படியே டயர் செய்யப்படுகிறது. பெரும்பாலும் கேடு விளைவிப்பது காற்றின் குறைவு. காற்றுக் குறைந்த டயர், பாரத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் வளைத்த இடம் சுடுகிறதல்லவா? அதைப்போலவே டயரின் பக்கச்சுவரும் சூடேறுகிறது. ரப்பர் தளர்கிறது, உள்ளிருக்கும் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. இறுதியில், சட்டையின் ஜிப்பு திறப்பதுபோலப் பக்கச்சுவர் ஒரே நொடியில் கிழிகிறது. அளவுக்கு மீறிய பாரமும் மிகை வேகமும் இதை விரைவுபடுத்தும். டயர் சூடாக இருக்கும்போது காற்றைச் சிறிது இறக்கிவிடும் வழக்கம் சில ஓட்டுநரிடம் உண்டு. நன்மை என்று எண்ணிச் செய்யும் அச்செயலே டயரை மேலும் மடங்கவிட்டு மேலும் சூடாக்குகிறது.

லாரியின் பின்பகுதியில் டயர்கள் இரண்டிரண்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உட்புற டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. அதன் பங்குப் பாரத்தையும் வெளிப்புற டயரே சுமக்க நேரும். நாம் காண்பதும், இருசக்கர வண்டிக்கு மிக அருகில் வருவதும் அந்த வெளிப்புற டயரே. அது வெடித்தால் எழும் காற்றலை வண்டியோட்டியைத் தள்ளிவிடும்; செவிப்பறையைக் கிழிக்கும் அளவுக்கு ஓசை எழலாம்; ரப்பர்த் துண்டுகளும் கற்களும் பறக்கும். காருக்குள் இருப்பவருக்குத் தகடும் கண்ணாடியும் காப்பு. இருசக்கர வண்டியில் செல்பவருக்கோ தலைக்கவசம் ஒன்றே. முன் சக்கரத்து டயர் வெடித்தால் லாரியே அப்பக்கமாக இழுபடும்.

சாலையில் கருநிறப் பட்டைகள் பாம்புபோல் கிடப்பதும் இதனால்தான். தேய்ந்த டயரின்மேல் புதிய ரப்பர்ப் பட்டையை ஒட்டிப் பயன்படுத்துவதை ரீட்ரெடிங் என்பர். அத்தகைய டயர் என்றாலே குற்றம் என்பது சரியன்று. முறையாகச் செய்து, காற்றளவைப் பேணினால் அது நன்கு உழைக்கும். பேணாதபோது பட்டை உரிந்து வீழ்கிறது. இரவில் அதன்மீது ஏறும் இருசக்கர வண்டி நிலை தடுமாறிச் சாயும்.

ஆகவே லாரியை முந்துவதானால் இடம் பார்த்து விரைந்து முந்த வேண்டும். இயலாவிடில் ஓட்டுநரின் கண்ணாடியில் நாம் தெரியும்படி பின்தங்கிச் செல்ல வேண்டும். சக்கரத்துக்கு இணையாக ஓட்டிச் செல்வதும், சிக்னலில் அதன் அருகே நிற்பதும் கூடாது.

சாலையைவிடவும் நாம் குறைவாக எண்ணிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது பஞ்சர் கடை. டியூப் உள்ள லாரி டயரை ரிம்மில் இருத்துவதற்கு 'லாக் ரிங்' என்னும் எஃகு வளையம் பொருத்தப்படும். வளையம் துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தாலும், வேறு ரிம்முக்கு உரியதாக இருந்தாலும் சரியாக அமராது. அந்நிலையில் காற்றடித்தால் வளையம் பீரங்கிக் குண்டுபோலப் பாயும். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே வளையத்தைச் சுத்தியலால் தட்டி அமரச் செய்வது எல்லாவற்றிலும் கொடியது. தட்டுபவரின் முகம் அதற்கு நேராகவே இருக்கும். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு இதற்கெனவே தொழிலாளர் பாதுகாப்பு விதி இயற்றப்பட்டது. அத்தகைய டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். நீண்ட குழாயைப் பயன்படுத்தி, வளையம் பாயும் வழியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கிறது அவ்விதி. உரிய அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே காற்று இறங்கி ஓடிய டயரைக் கழற்றி ஆராயாமல் மீண்டும் நிரப்புதல் ஆகாது என்பதும் அதன் பகுதி.

நம் சாலையோரக் கடைகள் பலவற்றில் கூண்டு இல்லை. சிலர் சங்கிலியைச் சுற்றிக் கட்டுவர். அது கூண்டுக்கு ஈடாகாது. டயரைக் கூண்டில் ஏற்றி இறக்கச் சில நிமிடம் கூடும். அந்நிமிடங்களைத் தர ஓட்டுநரும் உரிமையாளரும் இசைந்தால்தான் தொழிலாளி நிதானமாக வேலை செய்ய இயலும். அவரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. வெல்டிங் செய்வோருக்கும் இங்கே ஓர் இடர் உண்டு. டயர் மாட்டிய ரிம்மில் வெப்பம் பட்டால் உட்புற ரப்பர் சிதைந்து எரியக்கூடிய ஆவி உண்டாகும். காற்றை இறக்கிவிட்டிருந்தாலும் வெடிக்கக்கூடும். டயரை முற்றிலும் கழற்றியே பற்றவைக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருக்கையில், பக்கத்தில் லாரி டயருக்குக் காற்றடிக்கத் தொடங்கினால் வேடிக்கை பார்க்கச் செல்லாதீர்கள். டயரின் பக்கச்சுவருக்கு நேரே நில்லாமல், தரையில் உருளும் பக்கத்தை நோக்கியவாறு நெடுந்தொலைவு விலகி நில்லுங்கள். தம்பி தங்கையரையும் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

சொல்லும் பொருளும்
இடர் – ஆபத்து
நிகரான – சமமான
செவிப்பறை – காதினுள் உள்ள மெல்லிய சவ்வு
விழுக்காடு – சதவீதம்

பயிற்சி
1. சூடான டயரில் காற்றை இறக்குவது ஏன் தீங்காகிறது?
2. 'அவரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று' என்று பாடம் கூறுவதன் காரணம் யாது?
3. 'காற்றழுத்தம்' – பிரித்து எழுதுக.
4. 'அடைபட்ட காற்று', 'தேய்ந்த டயர்' – இவற்றில் உள்ள பெயரெச்சங்களை எடுத்தெழுதுக. இவைபோன்று மேலும் மூன்றைப் பாடத்தில் கண்டறிக.
5. உங்கள் ஊர்ச் சாலையில் ஒரு நாளில் நீங்கள் கண்ட தமிழ்நாட்டு லாரிகளின் பதிவெண் தொடக்கங்களைக் குறித்து வந்து, அவை எந்தெந்த ஊருக்கு உரியவை என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.