செங்கல்லும் சுண்ணமும்: சபோக் மாளிகை

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் வெண்ணிறமாய் நிற்கும் சபோக் மாளிகையை மாணவச் செல்வங்கள் சிலர் கண்டிருக்கலாம். வெண்கல் மாளிகைபோல் தோன்றும் அது உண்மையில் செங்கற் கட்டடமே.

இங்கிலாந்தின் சபோக் வட்டாரத்தில் பிறந்த பிரான்சிஸ் லைட், 1786-இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவியவர். இங்கே மிளகுத் தோட்டமிட்டு, அதற்குத் தம் பிறந்தகத்தின் பெயரையே சூட்டினார். 1794-இல் அவர் மறைந்தார். இன்றுள்ள மாளிகையோ அவருக்குப் பின், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில்லியம் எட்வர்டு பிலிப்ஸ் என்னும் அதிகாரியின் காலத்தில் எழுந்தது. 'லைட் கட்டிய வீடு' எனச் சிலர் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டா.

இருபுறமும் ஒத்த அமைப்பும் தூண் வரிசையும் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளை நினைவூட்டுவன. ஆயினும் அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூடமும் வெப்ப நாட்டிற்கென அமைந்தவை. சென்னையில் ஆங்கிலேயர் எழுப்பிய தோட்ட வீடுகளே இதற்கு நெருங்கிய உறவு.

அவ்வீடுகளுக்கு வெண்மையும் பளபளப்பும் தந்தது சுண்ணச் சாந்து. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைப்பர். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் கலப்பது நம் கொத்தனார் வழக்கம். ஆங்கிலேயரும் அதனைச் 'சுணாம்' என்றே எழுதினர். நம் சுண்ணந்தான் அது! பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும்.

பின்னாளில் மெதடிஸ்டு பள்ளியின் வகுப்பறைகளைத் தாங்கிய மாளிகை, அதன்பின் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. மீட்புப் பணி 2007-இல் நிறைவுற்றது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிட்டியது.

இதனை ஈண்டு நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய பழங்கோயில்கள் சிலவும் செங்கல்லும் சுண்ணமும் கொண்டவையே. திருப்பணியின்போது, உறுதி கருதி அவற்றின்மேல் சிமெண்டு பூசிவிடுகிறோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே சிக்குகிறது. உப்புப் பூத்துச் செங்கல் பொடிகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பாளமாகப் பெயர்கிறது. கோயில் கமிட்டியார் குத்தகைக்காரரிடம் விலை பேசுமுன், பழைய சாந்தில் ஒரு துண்டைச் சுரண்டிக் காடியில் இட்டுப் பார்க்கலாம். நுரைத்துக் கரைந்து மணல் மட்டும் எஞ்சினால் பெரும்பாலும் அது சுண்ணம். அச்சுவருக்குச் சுண்ணமே பூசுமாறு கேட்க வேண்டும்.