மென்பவளம்: ஊட்டுவதில் கொஞ்சம் கஞ்சத்தனம்

மும்பை சீத்தா கேம்ப் வீட்டில் உப்புநீர்த் தொட்டியா? பக்கத்துக் கழிமுகத் தண்ணீர் வேண்டாம், சேறும் சாக்கடையும்தான் வரும். ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடல் உப்பைக் (சமையல் உப்பு அல்ல) கரைத்து, அடர்த்தி 1.025, வெப்பம் 25-26 டிகிரியில் வையுங்கள்.

மென்பவளங்கள் பலவற்றின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்துத் தருவதே முக்கியச் சாப்பாடு. அதனால் தினம் எட்டு மணி நேரம் விளக்கு. வாரம் ஒருமுறை பம்பைக் கால் மணி நேரம் நிறுத்தி, ஆர்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகளை டிராப்பரால் மேலே விடுங்கள். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் நைட்ரேட் ஏறி, தொட்டியெங்கும் பாசி மண்டும்.

தோல்பவளம் சுருங்கி, மெழுகுபோல் தோலுரித்தால் பயம் வேண்டாம். அது அதன் வழக்கம். சோவாந்திட் (பொத்தான் பவளம்) வகைக்கு மட்டும் கையுறை கட்டாயம், சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு.

மழையில் கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைகொடுக்கும். கடைக்காரர் கல்பவளமோ கடல்விசிறியோ நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அவை இருக்கின்றன.