டே கேருக்கு மருந்து கொடுத்தனுப்புகிறீர்களா?

காலை அவசரத்தில், "மத்தியானம் இதைக் குடுத்துடுங்க மிஸ்" என்று வாசலிலேயே பாட்டிலை நீட்டிவிட்டு ஓடுகிறோம். தவறு நுழைவது அந்த அரை நிமிடத்தில்தான். பெற்றோருக்கும் காப்பகத்தில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சில குறிப்புகள்:

1. முதலில் மருத்துவரிடம், "இதைக் காலையும் இரவும் மட்டும் கொடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். பல ஆன்டிபயாட்டிக்குகள் இரண்டு வேளை மருந்துகள்தான். காப்பகத்துக்கு அனுப்பவே தேவையிருக்காது.

2. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள். இனிஷியலோடு குழந்தையின் பெயர் (ஒரே அறையில் இரண்டு ஆதிரா இருக்கலாம்), மருந்தின் பெயர், எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, எதற்காக, கையெழுத்து. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரம். காலை 8 மணிக்கு அப்பா கொடுத்தது அம்மாவுக்கே தெரியாமல் போகலாம். மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? பாராசிட்டமால் என்றால் இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் போக வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளையைத் தாண்டக் கூடாது.

3. டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் டிராப்ஸில் வழக்கமாக 1 மி.லி.யிலேயே 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.; 250 மி.கி. சிரப்பும் கடையில் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. வரைதான். 125 மி.கி. சிரப்பில் 5 மி.லி. கொடுத்தால் சரி. அதே 5 மி.லி.யை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அதனால் "காய்ச்சல் மருந்து ஒரு ஸ்பூன்" என்று எழுதவே எழுதாதீர்கள்.

4. வீட்டு டீஸ்பூனும் பாலாடையும் அளவுக்கு உதவாது. ஒவ்வொன்றும் ஒரு கொள்ளளவு. பாட்டிலோடு வந்த மூடி, இல்லையேல் ஊசியில்லாத சிரிஞ்ச். ஒரு மருந்தின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

5. லேபிளோடு கூடிய பாட்டிலையே அனுப்புங்கள். பொட்டலமோ பழைய டப்பாவோ வேண்டாம். பொடியில் தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கை, காய்ச்சி ஆறிய நீரில், பாட்டிலில் உள்ள கோடு வரை வீட்டிலேயே கலந்து, கலந்த தேதியை மேலே எழுதிவிடுங்கள். பல மருந்துகளை 7 நாளில் கொட்டிவிட வேண்டும். எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும்.

6. புது மருந்தின் முதல் வேளை வீட்டில்தான். தடிப்போ வீக்கமோ வந்தால் உடனே கவனிக்கலாம்.

7. உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலந்தால், பாதியில் விட்ட பாலோடு மருந்தும் போச்சு. "மிட்டாய்" என்று ஏமாற்றுவதும் வேண்டாம். ஒருநாள் அதுவே எடுத்துக் குடிக்கும்.

8. கொடுத்ததும் வாந்தி எடுத்தால் தாங்களாகவே மறுபடி கொடுக்காமல் பெற்றோருக்கோ மருத்துவருக்கோ போன் செய்யுங்கள்.

9. காப்பகத்தின் முதலுதவிப் பெட்டியில் இருமல் சிரப் இருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஆஸ்பிரினும் கூடாது.

10. மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஆயாவின் கைப்பையையும் மறக்காதீர்கள். அதிலிருக்கும் சுகர் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக.

11. கொடுப்பவர் ஒருவர், சீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர். கொடுத்த கையோடு நேரத்தை நோட்டில் குறிக்கவும். சாயங்காலம் நினைத்து எழுதுவது கணக்கில் சேராது.

12. அளவு மாறிவிட்டதா? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் கூடிப்போனால் முதல் நாள் வெளியில் எதுவும் தெரியாமலே இருக்கலாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117. இரண்டையும் இன்றே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.