உருட்டினால் மட்டும் உரமாகாது

மதுரை காளவாசலில் எங்கள் மொட்டைமாடியில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று படுத்த வாக்கில் கிடக்கிறது. நடுவே ஜி.ஐ. பைப் செருகி, இரும்புக் கால்களில் ஏற்றி, பக்கத்தில் கதவு வெட்டி, சுற்றிலும் துளை போட்டது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு நம்பிக்கையோடு வருகிறார்கள்.

நம்பிக்கை: தினமும் உருட்டினால் இரண்டே வாரத்தில் உரம்.

உண்மை: நானும் அப்படித்தான் நம்பினேன். காய்கறிக் கழிவை மட்டும் போட்டு உருட்டியதில் எல்லாம் களிமண் உருண்டையாகத் திரண்டுவிட்டது. உருண்டைக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் நாற்றம்தான். கீழ்வீட்டு அக்கா மாடிக்கே வந்து, "என்ன தம்பி, எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றார். குறை டிரம்மில் இல்லை, சருகு போடாததில். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கார்பன் தேவை; அதைத் தருவது சருகு. அதனால் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த சருகு போடுகிறேன். நாற்றம் நின்றது.

தினமும் உருட்டத் தேவையும் இல்லை. இந்தூரில் 1924 முதல் 1931 வரை வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த முறையில் குவியலைப் புரட்டுவது மொத்தமே மூன்று முறை. உரமாக மூன்று மாதம். டிரம்மை வாரம் இரண்டு, மூன்று தடவை சுற்றினால் போதும். பாதிக்கு மேல் நிரப்பினால் உள்ளே எதுவும் புரளாது, கைதான் வலிக்கும்.

நம்பிக்கை: வேப்பஞ்சருகு நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

உண்மை: கொல்லாது. மற்ற சருகோடு கலந்தால் நன்றாகவே மட்கும். மாசி, பங்குனியில் தெருவெல்லாம் கொட்டுவதைக் கூட்டி எரிக்கிறோமே, அதைச் சாக்கில் கட்டி வைத்தால் பல மாதத்துக்கு ஆகும்.

நம்பிக்கை: வெயிலில் வைத்தால் சீக்கிரம் வேகும்.

உண்மை: சூடு உள்ளிருந்து, நுண்ணுயிர்களின் வேலையால் வருவது. சித்திரை வெயில் ஈரத்தை உறிஞ்சி அந்த வேலையையே நிறுத்திவிடும். டிரம் நிழலில் இருக்கட்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். வழிந்தால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர்.

நம்பிக்கை: மண்புழு விட்டால் இன்னும் நல்லது.

உண்மை: சூடேறினால் செத்துப்போகும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ என்றால் எவ்வளவு கழுவித் தந்தாலும் வேண்டாம்.